வெயிலில் மட்டும் பார்த்தேன்

அந்த மீட்டரை நான் நிழலில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

நான் செய்த தவறு இதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் தாமதித்தால் நழுவிவிடுவேன். நழுவுவது எனக்குப் பழகிப்போன காரியம்... நீங்களே பார்ப்பீர்கள்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. என் தம்பி குமரன் திண்டிவனத்தில் இருக்கிறான். கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் கடையொன்றில் அவனுக்கு வேலை. நாள் முழுவதும் யாரோ எடுத்த படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு, தானே படமெடுக்க வேண்டும், அதையும் ஃபிலிமில் எடுக்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தான்.

அப்போது அவன் மனைவி மேகலாவுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து உண்டான கர்ப்பம். மேகலாவுக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவத்துக்கு எங்கும் போகாமல், திண்டிவனத்திலேயே, அவர்களோடு இருக்கும் என் அம்மாவின் பராமரிப்பில் இருந்தாள்.

குமரன் அந்தக் கேமராவை என் வீட்டுக்கு எடுத்து வந்தான்.

"யக்கா, இதுல மீட்டர் வேல செய்து. ஆனா கரெக்டா காட்டுதான்னு தெரியல. நீதான் பிசிக்ஸ் டீச்சராச்சே, பாத்துக் குடு. கொழந்த பொறந்தா மொத போட்டோ இதுலதான் எடுக்கப் போறேன்."

மீட்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கேமராவின் கண்ணாடிக்குள் பார்த்தால் ஓரத்தில் ஒரு முள் தெரியும். எதிரே இருக்கும் வெளிச்சத்தை அளந்து அது ஏறும், இறங்கும். முள் நடுவில் வந்து நிற்கும்படி வேகத்தையும் துவாரத்தையும் திருப்பி வைத்துவிட்டுப் படமெடுக்க வேண்டும். முள் பொய் சொன்னால் படமும் போயிற்று. செல்போனைப் போல எடுத்தவுடன் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாது. ரோலைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

அதைச் சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. வெறும் சுவர் ஒன்றை முதலில் நல்ல வெயிலில் பார்க்க வேண்டும். அப்புறம் நிழலில், அப்புறம் அறைக்குள், ஜன்னலோரத்தில், மங்கலான மூலையில். ஒவ்வோரிடத்திலும் முள் சொல்வதைச் சரியான கருவி ஒன்றோடு ஒப்பிட வேண்டும். பழைய கேமராக்களில் வெளிச்சத்தை உணரும் அந்தச் சின்னச் சில்லு வயதாகிப்போயிருக்கும். வெயிலில் ஒழுங்காக இருந்துவிட்டு, மங்கலில் ஏமாற்றும். இதெல்லாம் எனக்குத் தெரியும்... தெரியாமல் செய்தவள் அல்ல நான்.

ஒரு நண்பகல், பள்ளி மாடியில், சுண்ணாம்படித்த கைப்பிடிச் சுவரை நோக்கிக் கேமராவைப் பிடித்தேன். ஃபிலிம் எவ்வளவு வெளிச்சம் கேட்கும் என்பதைக் குறிக்கும் வேக வளையத்தை இருநூறில் வைத்தேன். அந்த ஃபிலிமுக்கு அந்த வெயிலில் எந்த அளவு வர வேண்டுமோ, முள் அச்சாக அங்கே வந்து நின்றது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று பைக்குள் வைத்தேன்.

அந்த நாளை வரவேயில்லை. செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கேமரா என் அலமாரியில் கிடந்தது. குமரன் கேட்டுக்கொண்டே இருந்தான். மேகலாவுக்கு இன்றைக்கோ நாளைக்கோ வலி கண்டுவிடும் என்று சொல்லிக்கொண்டு கேமராவை வாங்கிப்போக வந்து நின்றபோது, "பாத்துட்டியாக்கா?" என்றான்.

"எல்லா வெளிச்சத்துலயும் பாத்துட்டேன். கரெக்டா இருக்கு. தைரியமா எடு."

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். தம்பிக்குக் குழந்தை பிறப்பதில் எனக்குப் பொறாமையா? இல்லை. எனக்குக் கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். மேகலா மீது ஏதாவது பழைய கோபமா? அதுவும் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால், இந்தப் பாவத்துக்கு ஒரு கனமாவது இருந்திருக்கும். எனக்கு இருந்தது வெறும் சோம்பல். அதோடு, பார்க்கவில்லை என்று தம்பியிடம் சொல்ல ஒரு கூச்சம்.

பள்ளியில் நான் எப்படிப்பட்டவள் தெரியுமா? ஆய்வகத்தில் ஒரே ஓர் அளவை எடுத்துவிட்டு மற்ற அளவுகளை மனத்தாலேயே இட்டு நிரப்பும் பிள்ளைகளை நான் சட்டென்று கண்டுபிடித்துவிடுவேன். எழுந்து நிற்கவைத்து, "பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதும் திருட்டுதான்" என்பேன். அதே வாயால்தான் தம்பியிடம் அப்படிச் சொன்னேன்.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே இருதயத்தில் குறை இருப்பதாகச் சொல்லி, முண்டியம்பாக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். சென்னையில் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள்தான் அவள் திண்டிவனத்து வீட்டில் இருந்தாள்.

நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். முன்னறையில் திரை போட்டு, கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அழக்கூடத் தெம்பில்லாத குழந்தை. ஆனால் கண் மட்டும் திறந்து, யார் பேசினாலும் அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். நான் என் செல்போனை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்லுல புடிக்காதம்மா. நீ ஒருத்திக்கு அனுப்புவ, அவ பத்து பேருக்கு அனுப்புவா. ஊரு கண்ணெல்லாம் பட்டுடும். ஆப்ரேசன் முடியட்டும்."

மேகலாவும் தலையசைத்தாள். குமரன் சிரித்தான். "அம்மா செல்லுக்குத்தான் தடை போட்டுகீது. என் கேமராவுக்கு இல்ல. கழுவுற வரைக்கும் நானே பாக்க முடியாது, அப்புறம் யாரு கண்ணு படப் போவுது?" என்றான்.

அம்மா அதற்குச் சம்மதித்திருந்தாள். ஆக, அந்தக் குழந்தையின் முகம் பதிய வேண்டிய ஒரே இடம் அந்த ரோல்தான்... நான் சரி என்று சொல்லிக் கொடுத்த கேமராவுக்குள் இருந்த ரோல்.

அடுத்த நாளோ, அதற்கு மறுநாளோ, குமரன் எனக்குப் போன் செய்தான். ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"யக்கா, ரூமுக்குள்ள பாப்பாவ எடுத்துக்கினு கீறேன். மீட்டர் இன்னா இவ்ளோ ஸ்பீடு வைக்கச் சொல்லுது? வெளிய வெச்ச மாதிரியே சொல்லுதே. சரியா இருக்குமா?"

திரை போட்ட அறைக்கும் வெயில் அடிக்கும் முற்றத்துக்கும் முள் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுகிறது. இதைக் கேட்டவுடன் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட என்னமோ தப்பு என்று சொல்லிவிடும். எனக்கு மட்டும் தோன்றாமலா இருந்தது? தோன்றியது. பேனா ஒரு கணம் நின்றது. சொல்லியிருக்கலாம்: இருடா, முள்ளை நம்பாதே, வேகத்தை நன்றாகக் குறைத்து வை, இல்லையென்றால் நான் வந்து பார்க்கிறேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

"ஜன்னல் வெளிச்சம் வரும்டா. மீட்டர் சொல்றத நம்பு. அதுக்குத்தான பாத்துக் குடுத்தேன்" என்றேன்.

நம்பினான்.

சென்னைக்குப் போன பிறகு, அறுவை சிகிச்சைக்கு முன்பே, குழந்தை போய்விட்டாள். பெயர்கூட வைக்கவில்லை. பாப்பா, பாப்பா என்றே அழைத்து, பாப்பா என்றே அனுப்பிவைத்தோம்.

குமரன் சில வாரங்கள் அந்தக் கேமராவைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் ரோலைக் கழற்றி, கழுவுவதற்குச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினான். படங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த அன்று என்னையும் வரச் சொன்னான். பாப்பாவைப் பார்க்க எல்லாரும் சேர்ந்திருக்க வேண்டும் என்றான்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். மேகலா குமரனின் தோளுக்குப் பின்னால் நின்றாள். நான் வாசல்பக்கம் நின்றேன்.

முதல் சில படங்கள் நன்றாக இருந்தன. குழந்தை வீட்டுக்கு வந்த அன்று பின்கட்டில் எடுத்தவை. கொடியில் காயும் சின்னச் சின்னத் துணிகள், பளிச்சென்ற வெயில், துணி எடுக்கும் மேகலாவின் கை. அதற்கடுத்த படத்திலிருந்து கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. குமரன் திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். கூட்டக் கூட்ட வெறும் மணல்போல ஏதோ பொங்கியது. ஒரே ஒரு படத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அது குழந்தையின் நெற்றியா, தலையணையின் ஓரமா என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

கடைசிப் படம் மட்டும் மறுபடியும் தெளிவாக இருந்தது. சென்னைக்குப் புறப்பட்ட காலையில், காரின் பக்கத்தில், வெயிலில் மேகலா நிற்கிறாள். கையில் வெள்ளைத் துண்டால் சுற்றிய பாப்பா. துண்டு தெரிகிறது. துண்டின் மடிப்புகூடத் தெரிகிறது. முகம் உள்ளே இருக்கிறது.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வெயிலில் எடுத்ததெல்லாம் வந்திருக்கிறது. அறைக்குள் எடுத்தது ஒன்றுகூட வரவில்லை. இதற்கு வேறு விளக்கம் கிடையாது. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

குமரன் மேகலாவின் பக்கம் திரும்பினான்.

"நான் பாப்பாவத் தூக்கி வச்சிக்கினு இருக்கறப்ப, நீ ஒன்னு எடுத்தியே. அப்ப எதனா திருப்பினியா?"

மேகலா யோசித்தாள். "ஒரு வளையத்தத் திருப்பினேன். நீங்கதான தெளிவா தெரியற வரைக்கும் திருப்புன்னீங்க."

"அத இல்ல. மேல ஒன்னு கீதே, ஃபிலிம் ஸ்பீடு வைக்கிறது, அது."

"தெரியலங்க... கை பட்டிருக்குமோ என்னவோ."

குமரன் என்னைப் பார்த்தான். "யக்கா, அந்த வளையம் நகந்திருந்தா இப்பிடி ஆவுமா?"

"ஆகும்" என்றேன்.

அந்தச் சொல்லில் பொய் கிடையாது. அந்த வளையம் நகர்ந்திருந்தால் படம் கறுக்கத்தான் செய்யும். எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். ஆனால் அது நகரவில்லை என்று எனக்குத் தெரியும். நகர்ந்திருந்தால் வெயிலில் எடுத்த அந்தக் கடைசிப் படமும் கறுத்திருக்க வேண்டுமே! அதைச் சொல்ல வேண்டியவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். சொல்லவில்லை.

குமரன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம். கணினியை அணைத்துவிட்டு, "ஒரே ஒரு தரம் உன் கையில குடுத்தேன்" என்று மட்டும் சொன்னான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மேகலா தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளருகே போய்த் தோளைத் தொட்டேன். "விடும்மா" என்றேன். அவள் என்மேல் சாய்ந்து அழுதாள்... என்மேல்!

நான் ஊருக்குப் புறப்படும்போது திரும்பி வந்த குமரன், கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டான். பார்க்கச் சகிக்கவில்லையாம். எங்கேயாவது வைத்துவிடச் சொன்னான்.

ஒரு விடுமுறை நாளில், செய்ய வேண்டிய காலம் போன பிறகு, அந்தச் சோதனையை முழுவதும் செய்தேன். மாடிச் சுவரிலிருந்து தொடங்கினேன். வெயிலில் முள் சரி. தாழ்வாரத்து நிழலுக்கு வந்தேன். முள் கொஞ்சம்தான் இறங்கியது. ஆய்வகத்துக்குள் வந்தேன். கறுப்புத் திரையை இழுத்துவிட்டேன். வெளிச்சத்தை அளக்கும் எங்கள் லக்ஸ் மீட்டரின் எண் சரசரவென்று கீழே இறங்கிவிட்டது. கேமராவின் முள் அசையாமல் நின்றது. லேசாகத் தட்டிப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை. ஃபிலிம் வேக வளையமோ, நான் வைத்த இடத்திலேயே, இருநூறில் இறுக்கமாக இருந்தது. நகத்தால் தூக்கித் திருப்பினாலொழிய நகராது.

அந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சோதனை மேசையின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டேன். தம்பியின் வீட்டில் எனக்கொரு மரியாதை இருந்தது. நிலத்துப் பத்திரமோ, மாத்திரையோ, புதிதாக வாங்கும் மிக்சியோ, எதுவானாலும் "அக்காவ ஒரு வார்த்த கேட்டுடலாம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக, ஒரு பெண்ணை அவள் குழந்தையின் முகத்தை அழித்தவளாக வாழவிட்டேன். எழுதும்போதே கூசுகிறது.

கிளியனூரில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். யாரோ ஒரு பெண், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மேகலாவிடம் செல்போனை நீட்டினாள். "ஒரு போட்டோ புடிம்மா."

மேகலா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க்கா. என் கை ராசி இல்ல. வேற யாருகிட்டனா குடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் பந்தியில் உட்கார முடியவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் திண்டிவனம் போனேன். குமரன் வேலைக்குப் போயிருந்தான். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மேகலா முன்னறையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அதே அறை. கட்டில் இருந்த இடத்தில் இப்போது தையல் மிஷின் இருந்தது.

எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் பேசினாள்.

"அவரு பேசறது கொறஞ்சிப் போச்சு அண்ணி. அத்தையும் சமயத்துல குத்திக் காட்டுறாங்க. நீங்க ஒருத்தருதான் என்ன ஒரு வார்த்த கேக்கல."

சொன்னேன். மாடிச் சுவரையும், அலமாரியில் கிடந்த கேமராவையும், போனில் நான் சொன்ன பதிலையும், கடைசிப் படத்தையும்... எதையும் விடவில்லை. நான் முடிக்கும்வரை அவள் கையிலிருந்த கடலைக்காயை உடைக்கவில்லை.

"அப்ப நான் எதையும் திருப்பலயா அண்ணி?"

"இல்ல மேகலா."

"நெசமாவா?"

"நெசமா."

கையிலிருந்த காயை முறத்தில் போட்டாள். பிறகு கேட்டாள். "அன்னிக்கு அவரு கேட்டப்ப 'ஆகும்'னு சொன்னீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். விரல்களில் ஒட்டியிருந்த தொலியைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

"அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, என் மேல இருக்கறத உங்க மேல தள்ளி விடறேன்னு நெனைப்பாரு. நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

"எப்ப அண்ணி?"

"சீக்கிரமே சொல்றேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. என்னிடம் மட்டும் இருந்ததில் பாதியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று விக்கிரவாண்டி தாண்டும்போதுதான் புரிந்தது. முன்பாவது அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது குற்றமில்லை என்று தெரிந்துகொண்டே, குற்றவாளியாக அந்த வீட்டில் நடமாட வேண்டும். நான் வாயைத் திறக்கும்வரை.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்து போய்விட்டது. பொங்கலும் போய்விட்டது. குமரன் என்னோடு போனில் பேசாத வாரமில்லை. ஒவ்வொரு முறையும் தொண்டைவரை வரும். "சாப்ட்டியாடா?" என்று கேட்டு வைத்துவிடுவேன். மேகலா எனக்கு ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. முன்போல அண்ணி என்றுதான் அழைக்கிறாள். ஆனால் நான் பேசும்போதெல்லாம், அடுத்த வாக்கியம் அதுவாக இருக்குமோ என்று அவள் காத்திருப்பது எனக்குத் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கூடத்தில் குமரனுக்கு இலை போட்டேன். பரிமாற மேகலாவும் உதவினாள். வேறு யாரும் இல்லை. இன்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே எனக்குள் உரு போட்டு வைத்திருந்தேன்.

"குமரா..." என்றேன்.

மேகலா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாக்கா?" குமரன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். எதையும் சந்தேகிக்கத் தெரியாத முகம். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதையெல்லாம் நம்பிய முகம்.

"ஒன்னுமில்ல... ரசம் ஊத்தட்டுமா?"

மேகலா என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க அண்ணி, நான் ஊத்தறேன்."